காசிராஜன் வாசித்தளித்த வரவேற்பு

மனித குலத்தை உய்விக்கப் பிறந்த ஸ்தாபனங்கள் எத்தனையோ உண்டு. ஐக்கிய நாடுகள் சபை இருக்கிறது, செஞ்சிலுவைச் சங்கம் இருக்கிறது. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் வருஷம் தை மாதம் உதயமான 'கோவில்பட்டி வட்டார எழுத்துத் தடுமாற்றம் உற்றோர் மற்றும் அவர்தம் குடும்பத்தார் ஆதரவுச் சங்க'த்துக்கு அவையெல்லாம் உறை போடக் காணாது. ஐ.நா. சபையின் பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இந்தச் சங்கத்தின் பெயரைச் சொல்ல நடுவில் ஒரு தரம் எச்சில் விழுங்க வேண்டும். பேனர் எழுதிய பெயிண்டர் ஒரு துணி போதாமல் இரண்டு துணியை ஒட்டுப்போட்டு எழுதினார். எழுத்துத் தடுமாற்றம் உள்ள எவரும் அந்தப் பேனரைப் படித்துவிட்டுச் சங்கத்தைத் தேடி வர முடியாதே என்று யாரோ சொன்னார்கள். சொன்னவருக்கு அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு போகவில்லை.

சங்கத்தின் ஸ்தாபகத் தலைவர் திரு. காசிராஜன், 'மூணு கொக்கு' மார்க் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. வெளியூர்க்காரர்கள் ஆபீஸ் என்றால் மேசை, ஃபைல், மின்விசிறி என்று நினைப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ்தான். பெண்களும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து விடியற்காலையிலிருந்து பொழுது சாயும் வரை கட்டையில் குச்சி அடுக்குவார்கள். நாலாம் வகுப்பில் தோற்ற பிள்ளையும் மறுநாளே ஆபீஸ் போகிற பெருமை இந்தக் கரிசல் சீமையைத் தவிர வேறெங்கும் கிடையாது.

காசிராஜனுக்கு வயது ஐம்பத்திரண்டு. கண் பார்வையில் ஒரு குறையும் இல்லை. அவருடைய தீப்பெட்டி நன்றாக விற்க ஆரம்பித்த பிறகு வடக்கே போலி லேபிள்கள் முளைத்தன. ஆயிரம் லேபிளைப் பரப்பி வைத்தாலும் பத்தடி தூரத்தில் நின்று, "அந்தா, அந்த மூணாவது வரிசையில கிடக்கது நம்மது இல்ல. மூணாவது கொக்குக்கு முட்டி மடங்கல" என்பார். அப்பேர்ப்பட்ட கண். ஆனால் யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால் கை தானாகச் சட்டைப் பையைத் தடவும்.

"கண்ணாடியை வீட்ல வச்சிட்டு வந்துட்டேன். நீங்களே வாசிங்க, கேப்போம்."

மறந்து வைத்துவிட்டு வருவதற்கென்றே அவர் மூன்று மூக்குக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தார். மூன்றிலும் போட்டிருந்தது பவர் இல்லாத வெறுங்கண்ணாடி.

விஷயம் இதுதான். அவருக்கு வாசிக்க வராது. எட்டு வயதில் அவர் முன்னால் புத்தகத்தை விரித்தால் எழுத்து ஓரிடத்தில் நிற்காது. வாத்தியார் அடித்துப் பார்த்தார், பிறகு சிலேட்டைக் கழுத்தில் கட்டி வெயிலில் நிறுத்திப் பார்த்தார். ஒரு நாள் மத்தியானம் சிலேட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பருத்திக் காட்டு வழியே நடந்து போனவர், அந்தப் பள்ளிக்கூடத் தெருவில் பிறகு கால் வைக்கவில்லை. இது பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. கணக்கப்பிள்ளை வன்னியபெருமாள் இருபத்தேழு வருஷமாகத் தினமும் காலையில் பத்திரிகையும் தபாலும் அவருக்குச் சத்தம் போட்டு வாசிக்கிறார். அவருக்காவது தெரியுமா என்றால், தெரியாமலிருப்பதும் அவர் உத்தியோகத்தில் அடக்கம்.

அந்தத் தை மாதம் மதுரையிலிருந்து ஒரு டாக்டர் வர்த்தகர் மன்றத்தில் சொற்பொழிவாற்ற வந்தார். காசிராஜன் பஜ்ஜிக்காகப் போயிருந்தார். எல்லோருமே அதற்காகத்தான் போயிருந்தார்கள். டாக்டர் பேசினார். வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்லும் பிள்ளைகள் சிலர், புத்தகத்தை விரித்தால் விழிப்பார்கள். அவர்கள் மக்கும் இல்லை, சோம்பேறியும் இல்லை. அவர்கள் மூளையின் வார்ப்பு அப்படி. அடித்தால் பயம் கூடுமே தவிர எழுத்து வராது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வாசித்துக் காட்டினால், பரீட்சையை வாயால் கேட்டால், அவர்கள் பாட்டுக்கு மேலே வருவார்கள். பெரிய தொழிலதிபர்களில்கூட இப்படிப்பட்டவர்கள் உண்டு. இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர்.

காசிராஜன் கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டார். நாற்பத்து நாலு வருஷமாகத் தனக்கு மட்டும் விழுந்த சாபம் என்று அவர் நினைத்திருந்த ஒன்றுக்குப் பெயர் இருக்கிறது, அதைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். எழுந்து நின்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்ததும், சொல்ல வந்தது உள்ளே போய்விட்டது, வேறொன்று வெளியே வந்தது.

"இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கம் வேணும். நானே ஆரம்பிக்கேன்" என்றார்.

மண்டபம் கைதட்டியது. இப்படியாக ஒரு மனிதர் தன்னைப் பற்றிச் சொல்ல முடியாமல் போனதன் விளைவாக ஊருக்கு ஒரு மகத்தான ஸ்தாபனம் கிடைத்தது.

செயலாளராகத் தலைமையாசிரியர் பரமசிவன் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரிடம் எப்போதும் ஒரு சிவப்பு மைப் பேனா இருக்கும். தோற்ற பிள்ளையின் பெயர் எந்தக் காகிதத்தில் வந்தாலும் அதன் அடியில் இரண்டு சிவப்புக் கோடு இழுப்பது அவர் பள்ளியின் மரபு. பொருளாளர், பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பிச்சை முகம்மது. அவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். கேள்வி கேட்பார்.

முதல் கூட்டத்தில் பரமசிவன் விதிகளை வாசித்தார். "ஆதரவு கோருவோர் நான்கு பக்க விண்ணப்பத்தைத் தம் சொந்தக் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இன்றிப் பூர்த்தி செய்ய வேண்டும்."

"எழுத வராதவனுக்குத்தான சங்கம் வச்சிருக்கோம், சார்வாள்?" என்றார் பிச்சை முகம்மது.

"ஆமா."

"அவன் எப்படி எழுதுவான்?"

"எழுத வராதுங்கத அவன் எழுத்து மூலமா நிரூபிக்கணும்லா, பாய். வாயால வந்து சொல்லுததுன்னா எவனும் சொல்லிட்டுப் போயிருவான்."

"சரி. அடித்தல் திருத்தல் இல்லாம எழுதிட்டான்னு வைங்க?"

"அப்பம் அவனுக்குத் தடுமாற்றமே இல்ல. விண்ணப்பம் நிராகரிக்கப்படும்."

"அடிச்சுத் திருத்தி எழுதினான்னா?"

"விதிப்படி செல்லாது. நிராகரிக்கப்படும்."

பிச்சை முகம்மது தலைவரைப் பார்த்தார். தலைவர் சட்டைப் பையைத் தடவி, "கண்ணாடி வீட்ல இருக்கு. சார்வாள் எழுதினது சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்திட்டார். அவருடைய கையெழுத்து பிரமாதமாக இருக்கும். அவர் அதை எழுதுவதில்லை, வரைவார்.

அடுத்த ஆறு மாதத்தில் சங்கம் ஆற்றிய பணிகள் அநேகம். பதினொரு கூட்டங்கள் நடந்தன. லெட்டர்பேடு அச்சாயிற்று. ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று வட்டமாகவும் ஒன்று நீளமாகவும் செய்யப்பட்டது. நிர்வாகிகள் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றில் பிழை இருந்தது, ஒன்றில் பிழை இல்லை, எனவே இரண்டும் நிராகரிக்கப்பட்டன. விதிகளைத் தாண்டி ஒரு பிள்ளைகூடச் சங்கத்துக்குள் புகுந்துவிடவில்லை.

ஆனி மாதம் சங்கத்தின் அரையாண்டு விழாவுக்கு வருவதாகக் கல்வி அதிகாரி ஒப்புக்கொண்டார். அப்போதுதான் ஒரு நெருக்கடி உண்டாயிற்று.

"பயனாளி எங்கேன்னு கேப்பாரே" என்றார் பரமசிவன்.

"ஆமா, அது ஒண்ணு வேணும்லா" என்றார் காசிராஜன்.

"என் பள்ளிக்கூடத்துல தோதா ஒரு பிள்ளை இருக்கு. மூணு வருஷமா நாலாங்கிளாஸ். விண்ணப்பத்தை நானே பூர்த்தி பண்ணிருதேன்."

மறுநாள் ஆறுமுகத்தாய் தன் மகள் பத்திரகாளியைக் கூட்டிக்கொண்டு காசிராஜனின் அறைக்கு வந்தாள். ஆறுமுகத்தாய் வீட்டில் இருந்தபடியே மூணு கொக்குக்குப் பெட்டி ஒட்டுகிறவள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து உரிந்திருந்தது. பிள்ளைக்குப் பதினொரு வயது.

"இவ மக்கு இல்ல, மொதலாளி" என்றாள் ஆறுமுகத்தாய். "டீச்சர் ஒருக்கச் சொன்னா அப்படியே திருப்பிச் சொல்லுதா. கணக்கெல்லாம் மனசுலயே போடுதா. எழுதச் சொன்னாத்தான் கை நடுங்குது. பரீட்சையில கேள்வியை ஒருத்தர் வாசிச்சுக் காட்டி, இவ சொல்லுத பதிலக் கேட்டுக்கிட்டா பாஸாயிருவா. அது ஒண்ணுதான் கேக்கேன். இல்லைன்னா இவளப் பெத்த அய்யா தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிருவாவ. அங்க போன பிள்ளை ஒண்ணாவது திரும்பிப் பள்ளிக்கூடம் வந்திருக்கா சொல்லுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் எந்த ஆபீசில் நின்று பேசுகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டாள்.

பத்திரகாளி இதை எதையும் கவனிக்கவில்லை. மேசை மேல் கிடந்த லேபிள் கத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இடையிலிருந்து ஒன்றை உருவி எடுத்து, "இது நம்ம கொக்கு இல்ல" என்றாள்.

காசிராஜன் வாங்கிப் பார்த்தார். மூன்றாவது கொக்கின் முட்டி மடங்கவில்லை. அவர் அந்தக் கத்தையைக் காலையில்தான் பார்த்திருந்தார், அது அவர் கண்ணுக்கே தப்பியிருந்தது. பிள்ளையை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் பாத்துக்கிடுதேன், தாயி. சங்கம் எதுக்கு இருக்கு?" என்றார். அந்த நிமிஷத்தில் அவர் அதை நிஜமாகவே சொன்னார் என்பதையும் பதிவு செய்வது நியாயம்.

விழா நாள் வந்தது. பரமசிவன் கடமை தவறாதவர். காலையில் பத்திரகாளியைத் தன் மேசைக்கு எதிரே நிற்க வைத்து, அவளுக்கு டீசி எழுதினார். மூன்று முறை தேர்ச்சி பெறவில்லை என்று எழுதி, அவள் பெயருக்கு அடியில் மரபுப்படி இரண்டு சிவப்புக் கோடு இழுத்தார். பிறகு அதன் மேல் டீ கிளாசை வைத்துவிட்டு ஆசிரியர்களைத் திட்டப் போனார். மாலையில் அந்த டீசியை விழா ஃபைலில் சேர்த்ததை மண்டப வாசலில் வைத்து நிர்வாகிகளிடம் சொன்னார்.

"விழா நாயகியை விழா அன்னைக்கே பள்ளிக்கூடத்தை விட்டு நீக்குதியளா?" என்றார் பிச்சை முகம்மது.

"தலைமையாசிரியர்ங்க முறையில எழுதியிருக்கேன், பாய். செயலாளர்ங்க முறையில வருத்தப்படுதேன். இன்னும் கையில கொடுக்கல. பிள்ளைக்கு நிஜமாவே தடுமாற்றம் இருக்குன்னு அதிகாரி பாக்கதுக்கு ஒரு ஆவணம் வேணும்லா? கொடுக்கதா வேண்டாமான்னு நாளைக்குச் செயற்குழு முடிவு பண்ணட்டும்."

இதெல்லாம் நடந்தபோது காசிராஜன் உள்ளே, தன் வரவேற்புரையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் வன்னியபெருமாள் அதை அவருக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டியிருந்தார். மூன்று தரம் கேட்டால் போதும், காசிராஜனுக்கு ஒரு சொல் பிசகாது. போகும்போது வன்னியபெருமாள், ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "ஃபைல்ல சிவப்பு மை இருக்கதுதான் வரவேற்புப் பத்திரம், மொதலாளி. தலைப்ப சிவப்புல அச்சடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் ஊரில் வரவேற்புப் பத்திரத்தை வெறுமனே வாசிக்கிற வழக்கம் கிடையாது. 'வாசித்தளிக்க' வேண்டும். வாசித்து முடித்த கையோடு அதே தாளை இரண்டு கையாலும் விருந்தினரிடம் கொடுக்க வேண்டும். விருந்தினர் அதைச் சபையில் வைத்தே ஒரு தரம் கண்ணால் ஓட்டிவிட்டுத் தலையை ஆட்டுவார். அப்போதுதான் போட்டோ எடுப்பார்கள்.

மேடையில் தலைவருக்கு இந்தப் பக்கம் கல்வி அதிகாரி, அந்தப் பக்கம் பத்திரகாளி. பிச்சை முகம்மது கடையிலிருந்து வந்த புதுப் பாவாடை சட்டை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. நெஞ்சில் 'பயனாளி' என்று எழுதிய அட்டை குத்தியிருந்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

காசிராஜன் எழுந்தார். அன்று மூக்கில் கண்ணாடி இருந்தது. ஃபைலைத் திறந்தார். மேலே கிடந்த தாளில் சிவப்பு மை தெரிந்தது. எடுத்துக்கொண்டு மைக் முன்னால் நின்றார்.

"மாண்புமிகு கல்வி அதிகாரி அவர்களே, வானம் பார்த்த இந்தக் கரிசல் மண் தங்கள் வருகையால் நனைந்தது" என்று தொடங்கினார். கையிலிருந்த தாளில் அந்த இடத்தில், மாணவியின் பெயர் பத்திரகாளி என்று இருந்தது. "அறியாமை இருள் அகற்ற வந்த சுடரே" என்று அவர் முழங்கிய இடத்தில், தந்தை பெயர் சின்னக்கருப்பன், தொழில் கூலி என்று இருந்தது. அவர் கண்கள் இடமிருந்து வலமாக, வரிவரியாக, நாற்பது வருஷப் பழக்கத்தில் அழகாக நகர்ந்தன; நடுவில் ஒரு தரம் தாளின் அடி வரைக்கும் போய், மறுபடி மேலே ஏறிக்கொண்டன. "தாங்கள் கைவைத்த பிள்ளைகள் யாவரும் கரை சேர்வர்" என்று அவர் குரல் தழுதழுத்த இடத்தில், மூன்று முறை தேர்ச்சி பெறவில்லை, பள்ளியிலிருந்து நீக்கப்படுகிறாள் என்று இருந்தது. "பல்லாண்டு வாழ்க" என்று முடித்தார். நடத்தை திருப்தி, என்று தாள் முடிந்திருந்தது.

மண்டபம் கைதட்டியது. பக்கத்து நாற்காலியில் இருந்த பத்திரகாளி மட்டும் கைதட்டவில்லை. அவள் தாளின் மூலையில் இருந்த பழுப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்வி அதிகாரி எழுந்து தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் கண்ணாடியில் பவர் இருந்தது. காசிராஜன் குனிந்து, இரண்டு கையாலும் தாளை நீட்டினார். போட்டோக்காரர் ஒற்றைக் கண்ணை மூடினார்.

அந்த நேரத்தில் பத்திரகாளி நாற்காலியிலிருந்து குதித்தாள். ஃபைலில் கிடந்த, சிவப்பு மை தெரிந்த இன்னொரு தாளை எடுத்தாள். இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவே புகுந்து, முதலாளி கையிலிருந்ததை உருவிக்கொண்டு, தன் கையிலிருந்ததை அதிகாரியிடம் கொடுத்து, ஒரு கும்பிடும் போட்டாள். உருவியதை நாலாக மடித்துக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பயனாளியின் கையாலேயே பத்திரத்தைக் கொடுக்க வைத்த ஏற்பாட்டைக் கண்டு சபை சிலிர்த்தது. அதிகாரி பேசும்போது, "இந்தச் சிறுமியின் சமயோசிதம் ஒன்றே சங்கத்தின் பணிக்குச் சான்று" என்றார்.

காசிராஜனுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. விழா முடிந்து எல்லோரும் கேசரி தின்னப் போனதும், மண்டபத்துக்குப் பின்னால் கை கழுவும் தொட்டியடியில் பிள்ளையைப் பிடித்தார்.

"என்னட்டி அது, என் கையில இருந்தது?"

"என் டீசி."

"எப்படிக் கண்டுபிடிச்ச? வாசிச்சியா?"

"எனக்கு எங்க வாசிக்க வருது? காலையில பெரிய சார்வாள் அது மேலதான் டீ கிளாச வச்சாவ. அந்த வட்டம் இருந்துச்சு." கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்கும் எழுத்து நிக்காதா, மொதலாளி?"

காசிராஜன் கை சட்டைப் பைக்குப் போயிற்று. கண்ணாடி மூக்கில் இருந்தது.

"ஏன் அப்படிக் கேக்க?"

"நீங்க தாளுல அடி வரைக்கும் வந்துட்டீங்க, பேச்சு முடியல. பெறகு மேல போயிட்டீங்க. நானும் வகுப்புல அப்படித்தான். பக்கம் தீந்துரும், பாட்டு தீராது." குழாயைத் திறந்து கையை நனைத்துக்கொண்டே, சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்டாள். "எனக்கு எறும்பு ஊருத மாதிரி இருக்கும். உங்களுக்கு?"

ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. பதில் அவரிடம் தயாராக இருந்தது என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எனக்குக் கம்மங்காட்டுல காத்து அடிச்ச மாதிரி. ஒண்ணப் பிடிச்சா மத்ததெல்லாம் சாஞ்சிரும்" என்றார். கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு, "யார்ட்டயும் சொல்லிராத, தாயி" என்றார்.

"சொல்ல மாட்டேன்." மடித்து வைத்திருந்த டீசியை நீட்டினாள். "இதக் கிழிச்சிருதீங்களா?"

"செயற்குழுவுல பேசிட்டுக் கிழிச்சிருவோம். நான் பாத்துக்கிடுதேன்" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குச் செயற்குழு காசிராஜனின் அறையில் கூடியது. ஆறுமுகத்தாயும் பத்திரகாளியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. வன்னியபெருமாள் தீர்மானப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டார்.

"பிள்ளைகிட்ட வாயால கேளுங்க, சார்வாள். அவ அம்மா கேக்கது அவ்வளவுதான்" என்றார் பிச்சை முகம்மது.

"எனக்கு என்ன ஆட்சேபணை, பாய்?" என்றார் பரமசிவன். "நேத்து அதிகாரிகிட்டயே கேட்டுட்டேன். நல்ல மனுசன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? டாக்டர் சொன்னா மட்டும் மேலிடத்துல ஏத்துக்கிட மாட்டாங்க. எழுத்து வராம, அடுத்தவங்க வாசிக்கதக் கேட்டுக் கேட்டே முன்னுக்கு வந்த ஆளு ஒருத்தரு இந்த வட்டாரத்துல இருந்தா, பேரோட எழுதி அனுப்புங்க. அந்த ஒரு பேரை வச்சே இந்தப் பிள்ளைக்கு உத்தரவு போட்டுருதேன். பெறகு வாரதுகளுக்கும் அதே உத்தரவு பொருந்தும்னாரு." சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு நீலப் பேனாவைத் திறந்தார். அது அவர் வாழ்க்கையில் அபூர்வமான காட்சி. "ஒரே ஒரு பேரு போதும். இப்பவே எழுதுதேன். யாராவது இருக்காவளா?"

வன்னியபெருமாள் எழுதுவதை நிறுத்தினார், ஆனால் தலையை நிமிர்த்தவில்லை. பிச்சை முகம்மது ஊரில் உள்ளவர்களை ஒவ்வொருவராக மனதில் நினைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வெளியே பெஞ்சிலிருந்து பத்திரகாளி காசிராஜனைப் பார்த்தாள். அவள் பார்வையில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. காரியம் முடிந்துவிட்டது என்ற நிம்மதி மட்டும்தான் இருந்தது.

காசிராஜன் வாயைத் திறந்தார். கழுத்தில் சிலேட்டுக் கயிறு உறுத்தியது. மகளுக்குப் பேசி வைத்திருக்கும் பி.ஏ. மாப்பிள்ளை நினைவுக்கு வந்தார். வர்த்தகர் மன்றத்தில் எதிர் நாற்காலிக்காரர்கள் சிரிக்கிற சிரிப்பு காதில் கேட்டது. சபையில் எழுந்து நிற்பது எவ்வளவு சுலபம், ஒரு பேரைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவமானத்தில் முகமெல்லாம் காந்தியது.

"அப்படி ஒரு ஆளு நம்ம வட்டாரத்துல இருக்கதாத் தெரியல" என்றார்.

பரமசிவன் நீலப் பேனாவை மூடினார்.

"ஆனா பிள்ளையை அப்படியே விட்டுற முடியாதுல்லா" என்று காசிராஜன் அவசரமாகத் தொடர்ந்தார். "அதுக்கு அருமையான கண்ணு. நம்ம லேபிள் மேசையில உக்காரட்டும். அங்க ஒரு எழுத்து வாசிக்க வேண்டாம். நிழல்ல உக்காந்து பாக்க வேலை. ராணி மாதிரி வச்சுக்கிடுதேன்."

பயனாளிக்கு மறுவாழ்வு அளித்த தலைவரின் பெருந்தன்மையைப் பாராட்டித் தீர்மானம் எழுதப்பட்டது. ஆபீசில் சேரப் பதினாலு வயது வேண்டும் என்று சட்டம் இருந்தது. வன்னியபெருமாள் பதிவேட்டில் பதினாலு என்று எழுதினார். எழுத்தறிவால் மனிதனுக்கு எவ்வளவு நன்மை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிச்சை முகம்மது அந்த இடத்திலேயே ஒரு தாளில் ராஜினாமா எழுதி நீட்டினார். தலைவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தபடியால் அது வாசிக்கப்படவில்லை. வாசிக்கப்படாததால் ஏற்கப்படவும் இல்லை.

காசிராஜன் பையிலிருந்த டீசியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஆறுமுகத்தாயிடம் கொடுத்தார். இந்தத் தடவை வாசிக்காமலே அளித்தார்.

"ஊரு பூராவுலயும் ஒரு பேரு கூடவா கிடைக்கல, மொதலாளி?" என்றாள் ஆறுமுகத்தாய். அவள் குரல் உடைந்துவிட்டது.

காசிராஜன் தரையைப் பார்த்தார். பத்திரகாளி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒரு பேர் தெரியும். நேற்றுக் கை கழுவும் தொட்டியடியில் ஒரு வாக்கும் கொடுத்திருந்தாள்.

"கிடைக்கலயாம், அம்மா. வா, போவோம்" என்று அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு ஆபீஸ் வேன் அவள் தெருமுனையில் வந்து நின்றது. லேபிள் மேசையில் அவள் கண்ணுக்கு ஒரு போலிகூடத் தப்பவில்லை. முதலாளி அந்தப் பக்கம் வருகிற வழக்கத்தை நிறுத்திக்கொண்டார்.

தை மாதம் சங்கத்தின் முதல் ஆண்டறிக்கை வழவழப்பான தாளில் வெளிவந்தது. குரூப் போட்டோவுக்குக் கீழே தடித்த எழுத்தில் இப்படி அச்சிட்டிருந்தார்கள்: 'சங்கத்தின் இடையறாத ஆதரவால், எழுத்துத் தடுமாற்றம் உற்ற ஒருவர் இவ்வட்டாரத்தில் மானத்தோடும் மரியாதையோடும் தலைநிமிர்ந்து வாழ்ந்து வருகிறார்.' வன்னியபெருமாள் அதைத் தலைவருக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினார்.

அறிக்கையில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்த ஒருவரை ஆதரித்து வருவது பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி என்பதை மட்டும், இடமின்மை காரணமாக விட்டுவிட்டார்கள்.